சிறிய மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் தமிழ்த் தட்டச்சும் அச்சு வடிவமைப்பும் செய்து தருகிறேன். விசைப்பலகைகளைப் பழுதுபார்ப்பதும் உண்டு. என் மேசைமேல் இருக்கும் சிறிய மெக்கானிக்கல் விசைப்பலகையைப் பார்த்தவுடன் பத்திர எழுத்தர், கல்லூரி மாணவர், ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்குப் போய்வரும் மென்பொருள் ஊழியர் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன்.

இந்தப் பலகைகள்மேல் எனக்குப் பிரியம் அதிகம். அதனாலேயே, தம் வேலைக்குப் பொருந்தாத ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி அலமாரியில் போட்டுவைப்பவர்களைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. எந்த நிற சுவிட்ச் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் வேலை எந்தெந்த விசைகளைத் தொடுகிறது என்று பாருங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றியவைதான்.

சாதாரண கீபோர்டிலும் விசை மேலும் கீழும் போகத்தானே செய்கிறது? மெக்கானிக்கலில் மட்டும் என்ன வித்தியாசம்?

குறைந்த விலைக்குக் கிடைக்கும் பலகைகளில் எல்லா விசைகளுக்கும் அடியில் ரப்பர் குமிழ்கள் இருக்கும். அவற்றுக்குக் கீழே மின்தடம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள். விசையை ஏறக்குறைய அடிவரை அழுத்தினால் குமிழ் அமுங்கி, தாள்கள் ஒன்றையொன்று தொட்டு, எழுத்து விழும். ரப்பர் நாளடைவில் தளர்ந்துவிடும். ஒரு விசை போனால் பெரும்பாலும் பலகையையே மாற்ற வேண்டியதுதான்.

மெக்கானிக்கல் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சுவிட்ச். அதனுள் ஒரு சுருள்வில், ஒரு தண்டு, இரண்டு உலோகத் தகடுகள். செர்ரி என்ற நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வடிவம்தான் இன்று பரவலாக இருப்பது. கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்களின் சுவிட்சுகளில் பெரும்பாலானவை அதே வடிவத்தைப் பின்பற்றியவை. வழக்கமான சுவிட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஏறக்குறைய 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். அடிவரை குத்த வேண்டியதில்லை என்பதை விரல் புரிந்துகொண்டபின் தட்டச்சு இலகுவாகிறது.

சின்ன கீபோர்டு என்றால் விசைகளும் சின்னதாக இருக்குமா? என் விரல்கள் தடிமனானவை.

இருக்காது. ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் என்பது பெரிய பலகையிலும் சிறிய பலகையிலும் ஒன்றுதான். குறைவது விசைகளின் எண்ணிக்கை. விசையின் அளவு குறைவதில்லை. எழுத்துகளின் இடமும் மாறுவதில்லை என்பதால், பார்க்காமல் தட்டச்சு செய்பவருக்கு நடுப்பகுதியில் எந்தத் தடுமாற்றமும் வராது. தடுமாற்றம் ஓரங்களில்தான் வரும்.

60, 65, 75 என்று சதவீதக் கணக்கு சொல்கிறார்களே, அது என்ன?

முழுப் பலகையில் 104 விசைகள். அதன் வலப்பக்கத்து எண் கட்டத்தை மட்டும் நீக்கினால் 87. இதை டிகேஎல் என்கிறார்கள். 75% பலகையில் 80 முதல் 84 விசைகள் வரை இருக்கும். எஃப் வரிசையும் அம்பு விசைகளும் உண்டு, எல்லாம் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். 65% பலகையில் எஃப் வரிசை போய்விடும், அம்பு விசைகள் நிற்கும். 66 முதல் 68 விசைகள். 60% பலகையில் அம்பு விசைகளும் இல்லை. 61 விசைகள்தான். எண் வரிசையையும் நீக்கிய 40% பலகைகளும் உண்டு. அவை பழகிப் பார்க்க நன்றாக இருக்கும். கடையில் உட்கார்ந்து சம்பாதிக்கும் வேலைக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை.

இந்தச் சதவீதங்கள் துல்லியமான அளவுகள் இல்லை, வகைப் பெயர்கள். ஒரே பெயரில் விற்கும் இரண்டு பலகைகளில் டெலீட், ஹோம், எண்ட் விசைகள் வெவ்வேறு இடங்களில் இருக்கலாம். பெட்டியின்மேல் எழுதியிருப்பதைப் பார்க்காமல், பலகையின் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு விசையாகப் பாருங்கள்.

விசையைக் குறைத்ததால் என்ன லாபம்? இடம் மிச்சமாவது மட்டும்தானா?

இடம் மிச்சமாவது சிறிய லாபம். பெரிய லாபம் மவுஸ் பக்கத்தில் வருவது. எண் கட்டத்தை நீக்கினாலே மவுஸ் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்கிறது. பக்க வடிவமைப்பு செய்யும்போது வலது கை விசைக்கும் மவுஸுக்கும் நாள் முழுக்கப் போய்வந்துகொண்டே இருக்கும். அந்தக் கை ஒவ்வொரு முறையும் வெளிப்பக்கம் விரியாமல் இருப்பது மாலையில் தோளில் தெரியும். நான் சிறிய பலகைக்கு மாறியதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது, எடுத்துச் செல்வது. 60% பலகை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் அகலம். மடிக்கணினிப் பைக்குள் அடங்கும். முழுப் பலகை 44 சென்டிமீட்டர் வரை வரும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவதே சிரமம்.

இது புதிதாக வந்த மோகம் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் பிஎஃப்யு நிறுவனம், டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எயிச்சி வாடாவின் யோசனையை ஒட்டி, 60 விசைகள் கொண்ட ஹாப்பி ஹேக்கிங் கீபோர்டை 1996 இல் வெளியிட்டது. அதில் இருந்தவை ரப்பர் குமிழ்கள்தான், மெக்கானிக்கல் சுவிட்சுகள் இல்லை. ஆனால், கை எட்டாத விசைகளை அடுக்கிவைப்பதைவிட, இருக்கும் விசைகளுக்கு இரண்டாம் வேலை கொடுப்பது நல்லது என்ற எண்ணத்தை அது நிலைநாட்டியது.

நீலம், பழுப்பு, சிவப்பு என்கிறார்கள். எதை வாங்குவது?

சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும்; இடையில் எந்தத் தடையும் இல்லை. பழுப்பில் எழுத்து விழும் இடத்தில் விரலுக்கு ஒரு சிறு முட்டல் தெரியும். நீலத்தில் முட்டலோடு 'டிக்' என்ற ஒலியும் வரும். செர்ரியின் அளவீட்டில் சிவப்புக்கு 45 சென்டிநியூட்டன் அழுத்தம் போதும். நீலத்துக்கு அதைவிட அழுத்தம் கூடுதலாக வேண்டும். மற்ற நிறுவனங்கள் நிறங்களை ஏறக்குறைய இதே பொருளில் பயன்படுத்தினாலும், அளவுகள் மாறும்.

தட்டச்சு இயந்திரத்தில் கற்றவர்களுக்கு நீலம் உடனே பிடித்துவிடுகிறது. விரலை விசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டே யோசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சிவப்பு தொல்லை தரும். தெரியாமல் எழுத்து விழும். எதுவும் தெரியாமல் முதல் பலகை வாங்குபவருக்கு நான் சொல்வது பழுப்பு.

இரவில் குழந்தை தூங்கும் அறையில்தான் வேலை. சத்தம் தொந்தரவாக இருக்குமா?

நீலம் கண்டிப்பாகத் தொந்தரவு, வாங்க வேண்டாம். சிவப்பும் பழுப்பும் 'டிக்' என்று ஒலிக்காவிட்டாலும், விசை அடிப்பலகையில் மோதும் ஓசை வரத்தான் செய்யும். சைலன்ட் என்று குறிப்பிட்டு விற்கும் சுவிட்சுகளில் தண்டில் ரப்பர் வைத்து அந்த மோதலைக் குறைத்திருப்பார்கள். பலகைக்கு அடியில் ஒரு தடித்த துணியை விரித்தாலே, மேசை அதிர்ந்து எழும் ஓசை பாதி அடங்கும்.

தமிழ்99 முறையில் அடிக்கிறேன். 61 விசைக்குள் எல்லா எழுத்தும் வருமா?

வரும். தமிழ்நாடு அரசு 1999 இல் ஏற்ற இந்த அமைப்பு சிறிய பலகைக்காகவே செய்ததுபோல் பொருந்துகிறது. 12 உயிர், 18 அகரமேறிய மெய், ஒரு புள்ளி ஆகிய 31 விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடுகிறது. எண் வரிசையைத் தொட வேண்டியதே இல்லை. கிரந்த எழுத்துகள் ஷிப்டோடு வந்துவிடும். க என்ற விசையை இரண்டு முறை தட்டினால் க்க என்று புள்ளி தானாக விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற போன்றவற்றுக்கும் அப்படியே. விரல் நடுவை விட்டு நகரும் வேலை மிகக் குறைவு.

கவனிக்க வேண்டியது வலப்பக்க ஓரம். ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. ந அரைப்புள்ளி விசையில், ய ஒற்றை மேற்கோள் விசையில், ழ சாய்கோட்டு விசையில். ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்கு இவை எப்போதாவது தொடும் குறிகள். நமக்கு இவை எழுத்துகள். ச, ந, ய இல்லாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. எஃப்என் என்பது, இன்னொரு விசையோடு சேர்த்துப் பிடித்தால் அதற்கு இரண்டாம் வேலை தரும் விசை. இந்த ஐந்து விசைகளும் எஃப்என் துணை இல்லாமல், தம் வழக்கமான இடத்தில் தனியாக இருக்கும் பலகையை மட்டும் வாங்குங்கள். 60%, 65%, 75% பலகைகளில் பெரும்பாலும் இருக்கும். 40% பலகைகளில் சிலவாவது இடம் மாறியிருக்கும். தமிழுக்கு அவற்றை விட்டுவிடலாம்.

மொழி மாற்றுவதிலும் சிக்கல் இல்லை. விண்டோஸில் விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் போதும். என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஆல்ட் விசையும் ஓர் எண்ணும் போதும். எண் வரிசை 60% பலகையிலும் இருக்கிறது.

ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் சேர்த்து அடிக்கிறோம், இன்ஸ்கிரிப்ட் முறையில். அதற்கும் இதே பதில்தானா?

இல்லை, அங்கே கதை வேறு. இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் அமைப்பு எண் வரிசையையும் பயன்படுத்துகிறது. அதிலும் முக்கியமாக, எண் 1 க்கு இடப்பக்கம் இருக்கும் விசையில் குறில் ஒகரக் குறி இருக்கிறது. தமிழில் 'கொ' எழுதத் தேவைப்படும் அதே குறி. 61 விசைப் பலகையில் அந்த இடத்தை எஸ்கேப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் குறிக்கு ஒவ்வொரு முறையும் எஃப்என் சேர்த்து அடிக்க வேண்டும். தெலுங்கிலும் கன்னடத்திலும் அது அடிக்கடி வரும். இன்ஸ்கிரிப்ட்காரர்கள் 75% அல்லது டிகேஎல் வாங்குவதே சரி. அவற்றில் எஸ்கேப் மேல்வரிசைக்குப் போய்விடுவதால் அந்த விசை தன் இடத்திலேயே நிற்கும்.

தட்டச்சு வகுப்பில் பழைய முறையில் கற்றேன். தேர்வுக்கும் இதிலேயே பயிற்சி எடுக்கலாமா?

வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம், தேர்வுக்கு வேண்டாம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுத் தேர்வுக்குப் படிப்பவர், தேர்வில் எந்தக் கருவி வைக்கப்படுமோ அந்தக் கருவியிலேயே பயிற்சி எடுக்க வேண்டும். தட்டச்சு இயந்திரத்தின் விசை இறங்கும் ஆழமும் கனமும் வேறு. இதில் பழகிய விரல் அங்கே போனால் மெலிதாக அடிக்கும்.

கணினியில் பழைய தட்டச்சு முறையைத் தொடர்வதாக இருந்தால், உங்கள் மென்பொருளின் எழுத்து வரைபடத்தை அச்சிட்டு, வாங்கப்போகும் பலகையின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த முறையில் ஓரத்து விசைகளிலும் எழுத்துகள் உண்டு.

மாம்பழக் கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். டேலிக்கு இது ஆகுமா?

60%, 65% இரண்டும் ஆகாது. டேலியில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். ஒரு நாளில் இவற்றை எத்தனை முறை தட்டுகிறீர்கள் என்று நீங்களே அறிவீர்கள். ஒவ்வொன்றுக்கும் எஃப்என் சேர்த்து அடிப்பது வேலையைத் தடுக்கும்.

எண் கட்டம் அதைவிடப் பெரிய விஷயம். அறுவடைக் காலத்தில் லாரி லாரியாகப் பெங்களூரா மாம்பழம் வந்து இறங்கும்போது எடைச்சீட்டு, விலை, வண்டி எண் எல்லாம் உடனுக்குடன் ஏற வேண்டும். தமிழ்நாட்டுக் கணக்குக்கு 33, கர்நாடகத்துக்கு 29 என்று தொடங்கும் 15 இட ஜிஎஸ்டி எண்கள் வேறு. எண் கட்டத்தில் பழகிய வலது கைக்கு மேல்வரிசை எண்கள் ஈடாகாது. நான் வேறு யாருக்கும் இவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை: கணக்கு எழுதுபவர் முழுப் பலகையையே மெக்கானிக்கலில் வாங்க வேண்டும்.

மவுஸ் பக்கத்தில் வர வேண்டும் என்றும் ஆசை இருந்தால் ஒரு வழி உண்டு. 75% பலகையோடு யுஎஸ்பியில் இணையும் தனி எண் கட்டம் ஒன்றை வாங்கி இடப்பக்கம் வைக்கலாம். இடது கை எண்களுக்குப் பழகப் பொறுமை வேண்டும். பழகியபின் வலது கை மவுஸை விடவே வேண்டியதில்லை. பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி மண்டிகளில் கணக்கு வைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பர்கூர் பொறியியல் கல்லூரியில் மகன் படிக்கிறான். நிரல் எழுதுகிறவர்கள் எல்லாம் சின்னதுதான் வைத்திருக்கிறார்கள் என்கிறான். வாங்கித் தரலாமா?

தரலாம், 75% வரை. நிரல் எழுதும்போது பிழை தேடுவதற்கு எஃப்5, எஃப்10, எஃப்11 தேவைப்படும். ஒரு வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் போக ஹோம், எண்ட் வேண்டும். மேலே இன்ஸ்கிரிப்ட் பதிலில் சொன்ன, எண் 1 க்கு இடப்பக்கத்து விசை நிரலாளருக்கும் அடிக்கடி வேலை தரும். விம் போன்ற செயலிகளில் எல்லாவற்றையும் எழுத்து விசைகளிலேயே முடிப்பவர்கள் 60% பலகையில் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். அந்த நிலைக்குப் போனபின் அவனே தேர்ந்தெடுத்துக்கொள்வான்.

விடுதி அறையில் நான்கு பேர் தங்கினால் நீல சுவிட்ச் வேண்டாம்.

எஃப்என் சேர்த்து அடிப்பது பழகிவிடுமா? எல்லோரும் பழகும் என்றுதான் சொல்கிறார்கள்.

எப்போதாவது தேவைப்படும் விசை என்றால் பழகிவிடும். பிரிண்ட் ஸ்கிரீன், பாஸ், இன்சர்ட் போன்றவற்றுக்கு எஃப்என் சேர்ப்பது ஒரு பொருட்டே இல்லை. நிமிடத்துக்கு ஒரு முறை தேவைப்படும் விசை என்றால், பழகினாலும் எரிச்சல் போகாது. எழுதியதைத் திருத்துகிறவருக்கு அம்பு விசைகள் அப்படிப்பட்டவை. ஷிப்டையும் கன்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்து அம்பை அழுத்திச் சொல் சொல்லாகத் தேர்வு செய்கிறவர், அதோடு எஃப்என்னையும் பிடிக்க வேண்டிவந்தால் கை முறுக்கிக்கொள்ளும். பத்திரம் திருத்துபவர்களிடம் 65% க்குக் கீழே போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பலகை உங்கள் விருப்பப்படி விசைகளை மாற்றியமைக்க இடம் தருகிறதா என்று பாருங்கள். விசைகளை மாற்றியமைக்கும் மென்பொருள்களான க்யூஎம்கே, வியா ஆகியவற்றை ஏற்கும் பலகைகளில் கேப்ஸ் லாக்கையே எஃப்என் ஆக்கிவிடலாம். தமிழ்99 இல் கேப்ஸ் லாக்குக்கு வேலையே இல்லை. அது இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த மாற்றங்கள் பலகையின் உள்ளேயே பதிவாவதால், வேறு கணினியில் செருகினாலும் அப்படியே வேலை செய்யும்.

ஒயர் இல்லாததை வாங்கலாமா?

கைபேசியிலும் டேப்லெட்டிலும் எழுதுகிறவருக்கு ப்ளூடூத் வசதிதான். மேசையிலேயே இருக்கும் பலகைக்கு ஒயர் போதும். சார்ஜ் தீரும் கவலை இல்லை. பலகைக்குள் எரியும் வண்ண விளக்குகள் மின்கலத்தை வேகமாகத் தின்றுவிடும். ஒயர் இல்லாமல் பயன்படுத்தினால் அணைத்துவையுங்கள்.

கணினி பழுதுபார்ப்பவர் ப்ளூடூத் பலகையை மட்டும் நம்ப முடியாது. விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் அது பெரும்பாலும் வேலை செய்யாது. ஒயரில் மாட்டினால் எஃப்என் சேர்த்து அடிக்கும் எஃப்2, டெலீட் விசைகளும் அங்கே வேலை செய்யும். எஃப்என் கணக்கைப் பலகையே பார்த்துக்கொள்கிறது.

வேகம் கூடுமா? மணிக்கட்டு வலி போகுமா?

வேகம் விரலின் பயிற்சியில் இருக்கிறது. நல்ல பலகை பிழையைக் குறைக்கலாம், களைப்பைத் தள்ளிப்போடலாம். அதற்கு மேல் வாக்குறுதி தருபவர்களை நம்ப வேண்டாம்.

மணிக்கட்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மெக்கானிக்கல் பலகைகள் சாதாரணப் பலகைகளைவிட உயரமானவை. மணிக்கட்டை மேசையில் ஊன்றி விரல்களை மேல்நோக்கி மடக்கி அடித்தால், இல்லாத வலி புதிதாக வரும். பின்பக்கத்துக் கால்களை விரிக்காதீர்கள். நாற்காலியை உயர்த்தி, முன்கை தரைக்கு இணையாக வரும்படி அமருங்கள். உயரம் குறைந்த சுவிட்சுகள் கொண்ட பலகைகளும் கிடைக்கின்றன. விரல் மரத்துப்போதல், இரவில் கை வலித்தல் போன்றவை இருந்தால் பலகையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

எங்கள் ஊரில் கிரானைட் பட்டறைகள் அதிகம். தூசி போனால் கெட்டுவிடுமா?

தூசி மெக்கானிக்கல் பலகைக்கு எதிரிதான். சுவிட்சின் தண்டைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக மெல்லிய துகள் இறங்கி, உலோகத் தகடுகள் தொடும் இடத்தில் உட்காரும். வேலை முடிந்ததும் ஒரு துணியால் மூடிவைப்பதைவிடப் பயனுள்ள பராமரிப்பு வேறில்லை. அவ்வப்போது விசைகளின் மேல்மூடிகளான கீகேப்புகளைக் கம்பி இழுவையால் கழற்றி, உலர்ந்த தூரிகையால் பெருக்கி, காற்று ஊதுங்கள். கீகேப்புகளை மட்டும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டலாம்.

தேநீர் கொட்டினால் உடனே ஒயரைப் பிடுங்கிக் கவிழ்த்துவையுங்கள். சர்க்கரை காய்ந்த சுவிட்ச் ஒட்டிக்கொள்ளும், எறும்பும் வரும். சுவிட்சைப் பிடுங்கி மாட்டும் வசதியுள்ள ஹாட்ஸ்வாப் பலகை என்றால் நனைந்த சுவிட்சுகளை மட்டும் மாற்றிவிடலாம். ஈயம் வைத்துப் பற்றவைத்த பலகை என்றால் ஒவ்வொன்றாக உருக்கி எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தூசியை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்: சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாவது ஹாட்ஸ்வாப் வாங்குங்கள். மாற்று சுவிட்ச் வாங்கும்போது மூன்று முள்ளா, ஐந்து முள்ளா என்று பாருங்கள். ஐந்து முள் பலகையில் இரண்டும் பொருந்தும். மூன்று முள் பலகையில் ஐந்து முள் சுவிட்சைப் பொருத்த, கூடுதலாக இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கால்களை நறுக்க வேண்டும்.

ஒரு முறை அடித்தால் சில சமயம் இரண்டு முறை விழுகிறது. பெரிய கோளாறா?

தமிழ் அடிப்பவருக்கு மிகப் பெரிய கோளாறு. மேலே சொன்னபடி தூசியாலோ தேய்மானத்தாலோ தகடுகள் சரியாகத் தொடாமல் துடிப்பதால் இது வருகிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து இரட்டித்தால் கண்ணில் பட்டுவிடும். தமிழ்99 இல் இரட்டித்த எழுத்துக்குப் புள்ளி தானாக விழுமே, அதனால் பிழை சரியான சொல்லாகவே மாறிவிடும். ட விசை துடித்தால் படம் பட்டமாகிவிடும்; வடம் வட்டமாகும்; மடம் மட்டமாகும். எழுத்துப்பிழை திருத்தி இவற்றைப் பிடிக்காது. கிரயப் பத்திரத்தில் இப்படி ஒரு சொல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரட்டித்து விழுவதாகச் சந்தேகம் வந்தால், ஆங்கிலத்துக்கு மாற்றி, அந்த விசையை மெதுவாக இருபது முப்பது முறை தட்டிப் பாருங்கள். தட்டியதைவிட அதிகம் விழுந்தால் சுவிட்சை அன்றே மாற்றுங்கள். மாற்ற இயலாதவர்கள் மின்தொடர்பு சுத்தம் செய்யும் திரவத்தைச் சிறிது விட்டுப் பார்க்கலாம். சில நேரம் சரியாகும், ஆனால் திரும்ப வரும். துடிக்கும் பலகையில் முக்கிய ஆவணம் எதையும் அடிக்காதீர்கள்.

திடீரென்று ழ வரவில்லை. அடித்தால் கர்சர் மேலே போகிறது. சாப்ட்வேர் கெட்டுவிட்டதா?

மென்பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. சில 61 விசைப் பலகைகளில், வலது ஓரத்து விசைகளையே அம்பு விசைகளாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. மேல் அம்பு சாய்கோட்டு விசையில் வரும். தமிழ்99 இல் அதுதான் ழ. கை தவறி அந்த மாற்று விசைச் சேர்க்கை அழுந்திவிட்டால், 'தமிழ்' என்ற சொல்லையே எழுத முடியாமல் போகும். ஆங்கிலத்தில் கேள்விக்குறி விழாமல் போவதும் இதே காரணத்தால்தான்.

பலகையோடு வந்த கையேட்டில், அம்பு முறைக்கு மாற்றும் சேர்க்கை எது என்று பார்த்து, அதையே மறுபடி அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியோடு கையேட்டையும் தூக்கிப் போட்டவர்கள்தான் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்.

அலுமினிய உடல் கொண்ட பலகையில் கை வைத்தால் சுர்ரென்கிறது. பலகையில் கோளாறா?

பெரும்பாலும் உங்கள் பிளக் பாயின்டில் கோளாறு. கணினியின் மின்வழங்கியிலும் மடிக்கணினி சார்ஜரிலும் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் உண்டு. அவற்றின் வழியாக மிகச் சிறிய கசிவு கணினியின் உலோக உடலுக்கு வரும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத மூன்று துளை பாயின்டில் போக வழியின்றி நிற்கும். யுஎஸ்பி ஒயர் வழியாக அது பலகையின் உடலுக்கும் வருவதால் நீங்கள் தொடும்போது தெரிகிறது. பிளாஸ்டிக் பலகையில் இதே கசிவு இருந்தும் உணர மாட்டீர்கள்.

பழைய வீடுகளிலும் வாடகை அறைகளிலும் மூன்றாவது துளை வெறுமனே இருப்பதை நிறையப் பார்க்கிறேன். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கணினிக்காக மட்டும் சொல்லவில்லை; அதே வீட்டில் கிரைண்டரும் ஹீட்டரும் இருக்கின்றன.

எழுத்து அழிந்துவிட்டது என்று புதுக் கீகேப் வாங்கினேன். ஒரு ஷிப்ட் பொருந்தவே இல்லையே?

65%, 75% பலகைகளில் அம்பு விசைக்கு இடம் விடுவதற்காக வலது ஷிப்டின் நீளத்தைக் குறைத்திருப்பார்கள். வலப்பக்க ஆல்ட், கன்ட்ரோல் விசைகளும் குட்டையாக இருக்கலாம். முழுப் பலகைக்கான தொகுப்பில் அந்த அளவுகள் இருக்காது. வாங்குவதற்கு முன் உங்கள் பலகையின் வலது ஷிப்டும் ஸ்பேஸ் பாரும் எவ்வளவு நீளம் என்று அளந்து, தொகுப்பின் படத்தோடு ஒப்பிடுங்கள். கடைசி வரியில் உள்ள விசைகளை எண்ணிப் பார்ப்பதும் நல்லது.

ஏபிஎஸ் பிளாஸ்டிக் விரைவில் எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும். பிபிடி நீண்ட நாள் சொரசொரப்பாக இருக்கும். தமிழ் எழுத்து அச்சிட்ட கீகேப் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஒட்டிகள் கிடைக்கும், ஓரம் பிரியும். படத்தை மானிட்டருக்குக் கீழே ஒட்டிவைத்து, கையைப் பார்க்காமல் கற்றுக்கொள்வதே நல்லது.

எங்கே வாங்குவது? இணையத்திலா, பெங்களூர் எஸ்.பி. ரோடுக்கே போய்விடலாமா?

ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். எஸ்.பி. சாலையில் பலகையைத் தட்டிப் பார்த்து வாங்க முடிவது பெரிய வசதி. சுவிட்சின் உணர்வை எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. தர்மபுரி, அரூர், பென்னாகரம் பக்கத்தவர்களுக்கு அதற்காகவே ஒரு நாளைச் செலவிடச் சொல்ல மாட்டேன். தெரிந்தவரிடம் இருக்கும் பலகையில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு இணையத்தில் வாங்கலாம்.

எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். உத்தரவாதக் காலத்தில் பழுதானால் பலகையை எங்கே அனுப்ப வேண்டும், அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் முன்பே கேட்டுவையுங்கள்.

60% வாங்கிவிட்டேன். ஒத்துவரவில்லை. விற்றுவிடட்டுமா?

எது ஒத்துவரவில்லை என்று முதலில் பாருங்கள். விசையின் கனமோ சத்தமோ பிடிக்கவில்லை என்றால், ஹாட்ஸ்வாப் பலகையில் சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும். எஃப்என் எட்டவில்லை என்றால் கேப்ஸ் லாக்குக்கு மாற்றிப் பாருங்கள். எண்கள் மட்டும்தான் சிக்கல் என்றால் தனி எண் கட்டம் வாங்கலாம்.

அம்பு விசைகளோ எஃப் வரிசையோ இல்லாததுதான் தடை, அதுவும் நாள் முழுக்கத் தடை என்றால், விற்றுவிட்டு 75% வாங்குங்கள். பெட்டி, பில், கையேடு, இழுவை எல்லாம் கைவசம் இருந்தால் நல்ல விலைக்குப் போகும். விற்கும்போது வாங்குபவர் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். டேலியில் கணக்கு எழுதுபவர் என்றால் இங்கே சொன்னதை அவருக்கும் சொல்லுங்கள்.